சவப்பெட்டி திரும்பிய திசை

சொல்வேசி நகரத்துக்கு வெளியே சோள லாரி ஓட்டுகிறவன் முலோந்தா. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட நசுக்கியதில்லை என்று பீற்றிக்கொள்வான். அந்த வாய்க்கு வந்தது வினை. வியாழக்கிழமை காலைப் பனிமூட்டத்தில், சைக்கிளில் கரிமூட்டை கட்டி வந்த கபாம்பாவை இடித்துவிட்டான். இறங்கிப் பார்த்தான். மூச்சில்லை. மறுபடி ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கபாம்பா பக்கத்து வீட்டுக்காரன், ஒரே தட்டில் ஷிமா என்கிற சோளக்களி தின்றவன்.

ஏதோ லாரி இடித்தது என்று ஊருக்கே தெரியும். அந்த லாரியைச் சூனியம் வைத்து ஏவிவிட்டது யார் என்பதுதான் அங்கே கேள்வி. செத்தவனையே கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை சவப்பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டி தானாக இழுத்துக்கொண்டு போய் எந்த வீட்டில் முட்டுகிறதோ, அந்த வீட்டு ஆள்தான் கொன்றவன் என்பது அங்கே நம்பிக்கை. நான்கு தோள்களில் ஒன்று முலோந்தாவுடையது. பக்கத்து வீட்டுக்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

"கபாம்பா, உன்னைக் கொன்ன ஆள்கிட்ட எங்களைக் கூட்டிட்டுப் போடா," என்றான் செத்தவனின் அண்ணன் கிஷிம்பி.

பெட்டி ஆடியது. முலோந்தாவின் வீட்டுச் சந்துப் பக்கம் ஒருதரம் சாய்ந்தது. அவன் தோளைக் கொடுத்து எதிர்ப்பக்கம் நெம்பினான். அவ்வளவுதான், மற்ற மூவரும் அந்த வேகத்தில் இழுபட்டு ஓட, பெட்டி போய் முட்டியது கபாம்பாவின் தாய்மாமன் முகும்பியின் கதவில். எழுபது வயதுக் கிழவர், தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார்.

"என் மருமகனை நான் ஏண்டா கொல்லப்போறேன்? அவன் கல்யாணச் சட்டையே நான் தைச்சதுடா," என்றார். முதல் அடி வாயிலேயே விழுந்தது.

முலோந்தா பெட்டியை இறக்கிவிட்டு நடுவில் பாய்ந்தான். "அவரை விடுங்க. என் லாரிதான் இடிச்சது. நான்தான் போட்டுட்டு ஓடினேன்."

எல்லாரும் அடிப்பதை நிறுத்தினார்கள். இப்போது நம் மேல் பாய்வார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டான். ஒருவரும் பாயவில்லை. கிஷிம்பி அவன் தோளைத் தட்டினான்.

"பாவம்டா நீ. உன் லாரியைத்தான் கிழவன் ஏவியிருக்கான். பெட்டி பொய் சொல்லுமா?"

"பெட்டியைத் தள்ளினதே நான்தாண்ணே."

"உன்னைத் தள்ள வெச்சது யாரு? இந்தா, உன்னையும் கெடுத்தவன்தானே, நீயும் ஒண்ணு போடு," என்று தடியை நீட்டினான்.

கிழவர் ரத்தம் வழிய நிமிர்ந்து முலோந்தாவையே பார்த்தார். ஊரே பார்த்தது. நம்ப முடியவில்லை, ஆனால் நடந்தது இதுதான்: முலோந்தா தடியை வாங்கிக்கொண்டான்.