குகையில் பிழைக்கும் நாய்

என் பெயர் பத்துமலை. பெயரைக் கேட்டுவிட்டு ஆள் மலை மாதிரி இருப்பான் என்று எதிர்பார்த்தவர்கள் எல்லாம் ஏமாந்துதான் போனார்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காததால் அப்பா பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது. பிள்ளை தங்கிவிட்டது, ஆனால் ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு மேல் வளரவில்லை. பயத்தை மட்டும் கடவுள் எனக்கு அள்ளிக் கொடுத்தார். அதை மறைத்துக்கொள்ள ஒரு வாயும் கொடுத்தார்.

அந்த வாயால் நான் கெட்டது கொஞ்சநஞ்சமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டினேன், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தேன். ஒரே ஒரு தடவை பெண் பார்க்கப் போனோம். அங்கே, அடுத்த மாதம் எனக்கு ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் வேலை தரப்போகிறார்கள் என்று அளந்துவிட்டேன். எங்கள் மண்டோரின் பெண்டாட்டி அந்தப் பெண்ணுக்குச் சொந்தச் சித்தி என்பது எனக்குத் தெரியாது. காப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. என் கல்யாணப் பேச்சும் அத்தோடு சரி.

எழுபத்தொன்பதில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு நாய், இவ்வளவுதான் நான் ஈப்போவுக்குக் கொண்டுவந்த சொத்து. புந்தோங்கில் கெர்ட்ரூட் அக்கா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன்.

நாயின் பெயர் கிராணி. தோட்ட ஆபீஸில் கணக்கெழுதிப் பெயர் கூப்பிடுகிற கிராணியைப் போலவே, மற்றவர்கள் வேலை செய்யும்போது ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் அப்படி வைத்தேன். நிஜக் கிராணி பக்கத்தில் இருந்தால் மட்டும் பெயர் சொல்லாமல் விசில் அடிப்பேன். மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று படுத்திருக்கும். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் எழுந்து நிற்கிற உயிர் உலகத்தில் அது ஒன்றுதான்.

எண்பத்திரண்டில் பழைய பட்டணத்தில் ஒரு வீடியோ கேம் கடையில் வேலை கிடைத்தது. காலையில் கதவைத் தூக்கி மெஷின்களைப் போட்டுவிட வேண்டும், கண்ணாடியைத் துடைக்க வேண்டும், நோட்டுக்குச் சில்லறை மாற்றித் தர வேண்டும். கடைக்காரச் சீனரை எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் மலாய். அவர் சொன்னதை எல்லாம் இங்கே தமிழில் சொல்கிறேன்.

பன்னிரண்டு மெஷின்களில் ஒன்றுக்கு மட்டும் எப்போதும் கூட்டம். கத்தி பிடித்த ஒருவன் ஒரு குகைக்குள் இறங்கிக்கொண்டே போவான். இரண்டாவது அடுக்கில் கொதிக்கிற ஆறு. மூன்றாவதில் நெருப்புக் கக்குகிற பச்சைப் பல்லி. அதற்குக் கீழே உருண்டு வருகிற பாறை, நடமாடும் எலும்புக்கூடு. கடைசி அடுக்கை யாரும் பார்த்ததில்லை. நான் விளையாடியதே இல்லை. பல்லி கண்ணாடிக்குள் இருந்தாலும் எனக்குப் பயம்தான்.

எண்பத்து மூன்றில் ஒரு நாள் கெர்ட்ரூட் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, என் மக கைக்கொழந்தையோட வாரா. கொழந்தைக்கு இழுப்பு. நாய் முடி ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாசக் கடைசிக்குள்ள நாய எங்கயாச்சும் விட்டுரு.”

அவர் மேல் தப்பில்லை. எங்கே விடுவது என்பதுதான் பிரச்சினை. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன், ஒருவரும் வேண்டுமென்று சொல்லவில்லை. ரோட்டில் விட்டால் வெள்ளிக்கிழமை தோறும் நாய் பிடிக்கிற லாரி வரும். அதில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

அந்த வாரம்தான் குகை மெஷினில் ஒரு தர்க்கம் நடந்தது. லாரி ஓட்டும் அர்ச்சுனன் மூன்றாவது அடுக்கில் பல்லியிடம் செத்துப்போய் மெஷினை ஒரு தட்டுத் தட்டினான்.

“தனியா போனா இப்புடித்தான் சாவணும். கூட ஒரு நாய் இருந்தா இந்தப் பல்லி கிட்ட வருமா?”

“எந்த நாயின்னு பாக்கணும் மச்சான்,” என்றார் ஸ்டானிஸ்லாஸ். தந்தி ஆபீஸ் கிளார்க். மதிய இடைவேளையில் வருவார். நாய்களைப் பற்றி இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தார், அதற்குமேல் ஓர் அல்சேஷனும் வைத்திருந்தார். “அல்சேஷன்னா தாங்கும்.”

துடைக்கிற துணியோடு நான் நடுவில் புகுந்தேன்.

“அல்சேஷனா? அது போட்டிருக்கிற முடிக்கு ஈப்போ வெயிலையே தாங்க முடியல. நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுப் படுத்துக்குது. கொதிக்கிற ஆத்தப் பாத்தா அங்கனயே நெழல் தேடும்லா.”

“அப்ப டாபர்மேன்?”

“வேகமான நாய்தான். ஆனா அந்த வேகத்துல உருண்டு வர்ற பாறைக்கு நேரா போயி மோதும். குகையில நின்னு பாக்கத் தெரியணும்.”

“புல்டாக்?”

“அது சும்மா உக்காந்திருக்கிறப்பவே மூச்சு வாங்குது. ஏணி ஏறுமா?”

ஸ்டானிஸ்லாஸ் தம் புத்தகத்திலிருந்து ஒரு பெரிய ஆளை இறக்கினார். “ராட்வைலர். ஜெர்மன்காரன் நாய். அத என்னா சொல்றீங்க?”

“பெரிய நாய்க்குப் பெரிய தீனி. குகையில யாரு சோறு போடுறா? எலும்புக்கூடு வருதுல்ல, அதப் பாத்ததும் ஒரு காலப் புடுங்கிக் கடிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துரும். சண்ட போடாது.”

“பொமரேனியன்?” என்றான் அர்ச்சுனன்.

“அது பல்லிக்குக் காலைப் பசியாற.”

கடையே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொல்வதை ஒரு கிளார்க் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப எதுதாண்ணே தாங்கும்?” என்று கேட்டான் அர்ச்சுனன்.

“தோட்டத்து நாய். அட்டை கடிச்சிருக்கு, பாம்பு மேல நடந்திருக்கு, மூணு நாள் மழையில ஊறியிருக்கு. ஒருத்தனும் அதுக்கு மருந்து வாங்கிக் குடுத்ததில்ல. இன்னும் உசுரோட இருக்கு. அதுக்கு மேல என்னா பரீட்சை வேணும்?”

இதுவரை சொன்னதில் பொய்யில்லை. இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் பத்துமலை இல்லை.

“எங்கிட்ட ஒண்ணு இருக்கு. மூணு காட்டுப் பன்னிய சாய்ச்சிருக்கு.”

உண்மை என்னவென்றால், தோட்டத்தில் ஒரு காலை ஒரே ஒரு பன்றி எதிரே வந்தது. நான் வெட்டிக்கொண்டிருந்த மரத்திலேயே ஏறிவிட்டேன். அதுவரை பால்மரத்தில் ஏற முடியும் என்று எனக்கே தெரியாது. பன்றி போய் வெகுநேரம் கழித்து இறங்கி, கிராணியை அது கொன்றுவிட்டது என்று அழுதுகொண்டே லயத்து வீட்டுக்கு ஓடினேன். கிராணி எனக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் தவுக்கே கேட்டது, நான் மலாயிலும் அளந்துவிட்ட கதையைத்தான். பக்கத்து ரேடியோக் கடையை அந்த மாதம் உடைத்திருந்தார்கள். அவருக்கும் ஒரு காவல் நாய் தேவையாக இருந்தது.

“உன் நாயைக் கொண்டு வா,” என்றார். “கடையிலேயே இருக்கட்டும்.”

நான் கும்பிட்டுவிட்டேன்.

கிராணி வேலைக்குச் சேர்ந்தது. மூன்று வேளையும் எதிர்க்கடைக் கோழிச்சோற்று மிச்சம். இரவில் கதவை இறக்கும்போது அது உள்ளே, நான் வெளியே. அர்ச்சுனன் அதற்குச் சலாம் வைப்பான். ஸ்டானிஸ்லாஸ் கொஞ்சம் தள்ளி நின்று, “வேட்டை நாயிதான், கண்ணுலயே தெரியுது,” என்பார். நானும் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றேன். பத்தொன்பது நாள் நான் பெரிய மனுஷன்.

இருபதாம் நாள் காலை பின்கதவு உடைந்து கிடந்தது. பன்னிரண்டு மெஷின்களின் சில்லறைப் பெட்டியும் காலி. கிராணி கடைசி மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாலாட்டியது. தவுக்கே காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். திருடர்கள் நாய்க்கு மயக்க மருந்து போட்டிருப்பார்கள் என்று நான் சொன்னேன். இரண்டு நாளுக்கு அந்தப் பொய் தாங்கியது.

மூன்றாம் நாள் ஆள் மாட்டிக்கொண்டான். மத்தியானம் போலீஸ் சார்ஜன் கடைக்கே வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் விவரம் சொன்னார். திருடன் ஒரே ஆள்தானாம். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான். நாயைப் பார்த்ததும் உயிர் போய்விட்டதாம். அது குரைக்கவே இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு கூடவே வந்திருக்கிறது. அவன் ஒரு பெட்டியைத் திறந்து முடிப்பதற்குள் அது எழுந்து அடுத்த மெஷின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அவனுக்காகக் காத்திருந்ததாம். “அந்தக் கடை நாய்தான் வரிசை தவறாமல் வழி காட்டியது” என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே வெட்டுக்குப் போய்விடுவோம். இருட்டில் கத்தி பிடிக்க வேண்டும் என்பதால் ஆளுக்கொரு லைட்டை நெற்றியில் கட்டியிருப்போம். நாய்கள் கூடவே வரும். ஒரு மரத்தை வெட்டி முடிப்பதற்குள் அடுத்த மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே பிறந்த நாய்க்கு, இருட்டில் நெற்றியில் வெளிச்சத்தோடு வருகிறவன் திருடனில்லை. அவன்தான் வீட்டு ஆள். சோறு போடுகிறவன். இதைப் பற்றி நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. நாய்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான்.

அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“அப்ப திருடனக் கூட்டிக்கிட்டுப் பால் வெட்டப் போயிருக்கு,” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

சார்ஜன் போன பிறகு தவுக்கே என் பக்கம் திரும்பினார். “இன்றைக்கே இந்த நாயைக் கொண்டு போய்விடு.”

அன்று வியாழக்கிழமை. கெர்ட்ரூட் அக்காவின் மகள் குழந்தையோடு வந்து ஒரு வாரமாகிவிட்டது. அந்த வீட்டு வாசலில்கூட நாயை நிறுத்த முடியாது. மறுநாள் லாரி.

“தவுக்கே, ராத்திரிக் காவலுக்கு நானே இங்கே படுத்துக்கொள்கிறேன். நாயும் என்னோடு இருக்கட்டும்.”

“நீயா?” அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. “மூன்று பன்றி என்று சொன்னாயே?”

“ஒன்றுகூட இல்லை, தவுக்கே. பன்றி வந்ததும் நான் மரத்தில் ஏறிவிட்டேன். அது வீட்டுக்கு ஓடிவிட்டது.”

அர்ச்சுனன் விளையாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“திருடன் வந்தாலும் ஏறிவிடுவாய்.”

“இங்கே மரம் இல்லையே, தவுக்கே.”

“நாய் குரைக்காது. அப்புறம் யார் குரைப்பது?”

“நான்.”

என்னைத் துரத்துவதற்காகத்தான் அவர் அடுத்ததைக் கேட்டார் என்று நினைக்கிறேன். “எங்கே, குரை பார்ப்போம்.”

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு நாற்பத்தோரு வயது. இத்தனை வருஷமாக நான் கட்டிய மதிப்பெல்லாம் வாயாலேயே கட்டியது. இப்போது அதே வாயைத் திறந்து குரைத்தேன். அது இருமல் மாதிரி வந்தது. யாரோ சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டது.

கிராணி குகை மெஷினுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து என் காலில் உரசி நின்றது. நாளைக்கு அதே முகத்தோடு லாரிக்காரனைப் பார்த்தும் இது வாலாட்டும் என்று தோன்றியது. அதை என்னால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து எடுத்துக் குரைத்தேன். நிறுத்தவில்லை. தொண்டை கிழிகிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வழிகிற வரைக்கும் குரைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தவுக்கே மேசை டிராயரைத் திறந்து பின்கதவுச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். நாய்க்கு விரித்த பாய் போதுமா, இன்னொன்று வாங்க வேண்டுமா என்று கேட்டார்.

எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே போதும் என்றேன்.