படத்தை மெல்லும் கேமரா

எந்தக் கேமரா கைக்கு வந்தாலும் ஜெயசீலி அக்கா முதலில் அதைக் காதில் வைத்துத்தான் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துவார். 'டக்' என்று சுருக்கமாகச் சத்தம் வந்தால் தலையை ஆட்டுவார். இழுத்துக்கொண்டு வந்தால், "சளி புடிச்சிகினு கீது, மொதல்ல வைத்தியம் பாரு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மேனாம்பேட்டில் யார் வீட்டுக்குத் துபாயிலிருந்து கேமரா வந்தாலும், பர்மா பஜாரில் யார் பேரம் பேசி வாங்கினாலும், அது அக்காவின் காதுக்குப் போய்வந்த பிறகுதான் பீரோவுக்குள் போகும்.

வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு என்று பெண்களும் பிள்ளைகளும் கூடுகிற இடங்களில் படம் எடுப்பதுதான் அக்காவின் தொழில். ஆண் போட்டோகிராபர் வந்தால் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு விறைத்து நிற்கும் பெண்கள், அக்கா வந்தால் பல் தெரியச் சிரிப்பார்கள். அவருடைய பையில் இருக்கும் சாமான்கள் எந்தக் கடையிலும் கிடைக்காதவை. ஃபிளாஷின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருப்பார். முகத்தில் வெளிச்சம் பால் மாதிரி விழும். லென்ஸ் துடைப்பது கணவர் வேதமுத்துவின் பழைய பனியனால். "காசு குட்த்து வாங்குற துணியெல்லாம் கீறல் போடும். எங்க ஊட்டுக்காரர் பனியன்தான் படா ஜோர்." தீர்ந்துபோன பென்சில் பேட்டரிகளைச் சன்ஷேடில் வெயில் காயவைத்து இன்னும் கொஞ்சம் உயிர் வாங்குவார். முதல் படத்துக்கு முன்னால், எதிரில் பிள்ளையார் இருந்தாலும், சிலுவை போட்டுக்கொள்வார்.

அக்காவிடம் ஒரு தந்திரமும் உண்டு. எந்த விசேஷத்திலும் பிள்ளைகள் "என்ன ஒண்ணு எடு, என்ன ஒண்ணு எடு" என்று காலைச் சுற்றுவார்கள். அத்தனை பேருக்கும் ஃபிலிம் செலவழித்தால் கட்டுமா? ஃபிளாஷின் பின்னால் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை மட்டும் அழுத்தினால் பளிச்சென்று மின்னும், படம் விழாது. பிள்ளைகள் மகிழ்ந்து ஓடிவிடுவார்கள். பிறகு வந்து கேட்டால், "நீ கண்ண மூடிட்ட கண்ணு, அதான் கழுவல" என்பார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் சென்ற மாதம் ஒரு டிஜிட்டல் கேமரா வந்து உட்கார்ந்தது.

எதிர்வீட்டு லோகநாயகிக்கு வளைகாப்பு. அவள் கணவர் கோவிந்தராஜ் மஸ்கட்டில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறார். அவர் விமானம் ஏறும்போது அவள் கர்ப்பம் என்று அவளுக்கே தெரியாது. அன்று ஞாயிறு மாலை மட்டும் அவர் நகரத்தில் இருக்கும் கம்பெனி அலுவலகத்துக்கு வருகிறார். அங்கே இமெயில் பார்க்கக் கம்ப்யூட்டர் உண்டு. மறுநாள் பாலைவனத்து முகாமுக்குப் போய்விட்டால் திரும்பும்போது குழந்தையே பிறந்திருக்கும். வயிறும் பிள்ளையுமாக மனைவியை அவர் பார்க்க வேண்டுமென்றால், அது அன்றைக்குத்தான். ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, தபாலில் அனுப்பி நடக்கிற காரியமா? லோகநாயகியின் தம்பி அய்யாசாமி, பாடிப் பக்கம் தான் வேலை செய்யும் தொழிற்சாலையில், உடைந்த இயந்திரப் பாகங்களைப் படமெடுக்க வைத்திருந்த கேமராவை அனுமதி கேட்டு வாங்கிவந்துவிட்டான்.

செங்கல் கனம். விலாவில் ஒரு பிளவு. அதில் ஃபிலிமுக்குப் பதிலாக, கம்ப்யூட்டரில் போடுகிற சதுரமான பிளாப்பி ஒன்றைச் செருக வேண்டும். அக்கா வழக்கம்போல் காதில் வைத்து அழுத்தினார். 'டக்' வரவில்லை. 'கிர்ர்... கிர்ர்...' என்றது.

"இன்னாடா இது, படத்த மென்னுகினு கீது! எப்போ முழுங்கும்?"

"பின்னால பாருக்கா" என்றான் அய்யாசாமி.

முதுகில் இருந்த சின்னத் திரையில், சற்றுமுன் எதிரே நின்ற லோகநாயகி அப்படியே நின்றாள். "ஐயோ மாதாவே!" என்று அக்கா போட்ட சத்தத்தில் சமையலறையில் யாரோ கரண்டியை நழுவவிட்டார்கள். வெயிலில் திரை தெரியவில்லை என்றதும், முந்தானையைத் தலைக்கும் கேமராவுக்கும் சேர்த்து மூடிக்கொண்டு, கூடாரத்துக்குள்ளிருந்தே குறைகளை அறிவித்தார். "அமுக்கினா யோசிச்சித்தான் எடுக்குது. சிரிப்பு முடிஞ்சப்புறம் படம் வுழுது. சிரிக்கச் சொல்றதுக்கு முந்தியே அமுக்கிடணும்! பச்சப் புடவ நீலமா தெரியுது. பரவால்ல, புருசங்காரன் புடவையவா பாக்கப் போறான்?"

இந்தக் கேமராவில் வெறும் மின்னலுக்குத் தனிப் பொத்தான் இல்லை. அழுத்தினால் நிஜமாகவே படம் விழும். பிள்ளைகளும் ஒரே நிமிடத்தில் விவரம் கற்றுக்கொண்டு, மின்னியதும் பின்பக்கம் ஓடிவந்து தங்கள் முகம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "ரோலே இல்லாத கேமராடா, தீரவே தீராது! வா, நீயும் வா!" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்தார். பல்லில்லாத சிரிப்பு, நாக்கை நீட்டிய முகம், வாசலில் தூங்கிய நாய், எதையும் விடவில்லை. லோகநாயகி சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் முகம் மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கையும் வளையல் நிறைந்த பிறகு எழுந்து நிற்கவைத்து எடுக்கலாம் என்பது திட்டம்.

வளையல் நிறைந்தது. லோகநாயகி எழுந்தாள். அக்கா அழுத்தினார். கேமரா மெல்லவில்லை.

திரையில் வந்த ஆங்கிலத்தை அய்யாசாமி படித்தான். "இடம் இல்லியாம்க்கா. பிளாப்பி ரொம்பிடுச்சி."

"ரோலே இல்ல, இன்னாடா ரொம்பும்?"

"இதுவும் ரொம்பும்க்கா. வேற பிளாப்பி வாங்க ஓ.டி. கடத்தெருவுக்குத்தான் போவணும்."

கோவிந்தராஜின் தாயார் கன்னியம்மாள் பதறினார். "ராகு காலம் வருது, அதுக்குள்ள பொண்ண அவங்கம்மா ஊட்டுக்கு அனுப்பணும். எம் புள்ள அங்க காத்துகினு இருப்பானே!"

எடுத்ததை அழித்தால் இடம் வரும் என்று அய்யாசாமி ஒரு பொத்தானைக் காட்டினான். நாய் போயிற்று. அடுத்து பிள்ளைகள். அவர்களோ அக்காவின் தோளில் தொங்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஐயோ, அது நான்!" என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் அலறல். அவர்களில் ஒருத்தி, ஜமீலா, அக்காவின் விரலையே பிடித்துக்கொண்டாள்.

"என்ன அழிக்காதக்கா. எங்க ஊட்டுக் கல்யாணத்துலகூட நெறய எடுத்தியே, ஒண்ணுகூட தரல."

'கண்ண மூடிட்ட' என்று சொல்ல முடியாதபடி, திரையில் ஜமீலா இரண்டு கண்ணையும் அகல விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அல்லாரும் லோகா பக்கத்துல போய் நில்லுங்கடி! ஒருத்தரும் வெளிய நிக்கக் கூடாது. மஸ்கட்டு வரிக்கும் போற போட்டோ இது!"

ஒரே ஓட்டம். தனித்தனி முகங்கள் யாருடைய முனகலும் இல்லாமல் அழிந்தன. அக்கா அழுத்தினார். கிர்ர். திரையைப் பார்த்தவர் துள்ளினார். "ஜமீலா, ஒன் தல வயித்த மறச்சிகினு கீது! பாத்தியாடா அய்யாசாமி, ஃபிலிமா இருந்தா கழுவினப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். தலைல அடிச்சிகினு அழுதிருப்பேன்! இப்பவே தெரியுது, இப்பவே!" அதையும் அழித்து, ஜமீலாவைப் பக்கவாட்டில் நகர்த்தி, லோகநாயகியை லேசாகத் திருப்பி, மறுபடி எடுத்தார். திரையில் வளையல், வயிறு, பிள்ளைக் கூட்டம், எல்லாம் இருந்தன.

ஓ.டி.யில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சண்முகசுந்தரம் பிளாப்பியைச் செருகினார். கம்ப்யூட்டரில் படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. நெற்றி, கண், மூக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற அக்கா, கன்னம் இறங்கியதும் முகம் சுளித்தார். நலங்குச் சந்தனம் அங்கே தாடைவரை வழிந்திருந்தது. சின்னத் திரையில் அது தெரியவில்லை.

"அனுப்பிடட்டுமாம்மா?"

"இரு நைனா."

அக்கா முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, மானிட்டரில் லோகநாயகியின் கன்னத்தை அழுத்தித் துடைத்தார்.

"அம்மா, அது கண்ணாடி மேல இல்ல, படத்துல கீது" என்று சிரித்தார் சண்முகசுந்தரம்.

"தெரியும். அவன் பாக்கறப்போ மூஞ்சி பளிச்சினு இருக்க வேணாமா?"

மறுபடி நனைத்து, இன்னொரு தடவை, இந்த முறை மெதுவாகத் துடைத்தார். ஓரடி பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ம். இப்ப அனுப்பு."