அறிக்கையில் நான் எழுதிய ஒரு வரி

அந்த மருந்து ஏட்டின் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீலக் கோடு போட்ட நீள நோட்டு. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கைரேகைகள், பக்கத்தில் ஒரு வார இடைவெளியில் மூன்று தேதிகள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருஷம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் நான். மூன்று ரேகையும் ஒரே நாளில் வைத்தவை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. முதல் ரேகையில் மை அப்பிக் கிடந்தது. இரண்டாவது தெளிவாக விழுந்திருந்தது. மூன்றாவதில் மை தீர்ந்துபோய் ஓரம் மட்டும்தான் இருந்தது. திருட்டைக் கண்டுபிடித்தவள் மாதிரி எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எதற்கும் விழுப்புரம் ஓட வேண்டியிருந்த காலம். மருந்தக வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்திருந்தேன். இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பிய நோயாளிகளைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய இல்லங்கள் சிலவற்றுக்கு அந்த அறக்கட்டளைதான் மருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் இல்லத்துக்கும் போய், கவனிப்பின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. நான் எலவனாசூர்கோட்டையில் பிறந்தவள், அந்தப் பக்கத்துப் பேச்சு தெரியும் என்பதால் கள்ளக்குறிச்சி இல்லம் என் பங்குக்கு வந்தது.

கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய், தன் அம்மாவின் கடைசி நாட்கள் நிம்மதியாகக் கழிந்ததற்காக அதை விட்டுக்கொடுத்திருந்தார். உள்ளே ஆறு கட்டில். நடத்தியவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். வெள்ளை உடுப்பைக் கழற்றிப் பல வருஷம் ஆகியும் ஊருக்கே அவர் சிஸ்டர்தான். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒவ்வொரு கட்டிலாக நின்று கேள்வி கேட்பார். வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கமாட்டார். "ராத்திரி எந்தப் பக்கமா படுத்தே?" என்பார். ஒரே பக்கம் என்றால் மறுபக்கம் வலிக்கிறது. இரண்டு பக்கமும் என்றால் மருந்து வேலை செய்கிறது. என்னிடம் இருந்த படிவத்தில் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்ணால் குறிக்கும் கட்டம் இருந்தது. அவருடைய ஏட்டில் அந்தக் கட்டம் காலி. நான் ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

மூன்று கைரேகையைக் காட்டிக் கேட்டபோது அவர் மழுப்பவில்லை.

"ஆமாங்க மேடம். ஒரு புத்துநோய் அம்மாவோட புருசன் ஒரே நாள்ல வெச்சதுதான். வெள்ளிமலைக்கு மேல இன்னும் நாலு மைலு நடக்கணும் அவங்க வூட்டுக்கு. அந்தாளு வாரா வாரம் கீழ வந்துகினு இருந்தா, அந்தம்மாவ யாரு பாக்கறது? மூணு வாரத்துக்கு மொத்தமா குடுத்துட்டேன். ரேகையும் மொத்தமா வாங்கிக்கினேன்."

"ஒரு வாரத்துக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்குதே சிஸ்டர்."

"விதி எழுதனவரு அந்த மலைய பாத்திருக்கமாட்டாருங்க. நாளைக்கு நான் அங்கதான் போறேன். நீங்களும் வாங்களேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மார்ஃபின் மாத்திரையைப் பற்றி. புற்றுநோயின் கடும் வலிக்கு அதைப் போல வேறொன்றில்லை. ஆனால் போதைக்கும் பயன்படும் என்பதால் ஒவ்வொரு மாத்திரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் அறக்கட்டளை ஒரு வார விதி வைத்திருந்ததும் அதற்குத்தான்.

மறுநாள் காலை வண்டியில் வெள்ளிமலை போனோம். இறங்கியதும் நடை. சிஸ்டர் பத்தடிக்கு ஒருமுறை நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் முதலில் பொறுமையில்லாமலும் பிறகு வெட்கத்தோடும் அவருக்காக நின்றேன். புளியமரங்களுக்கு நடுவே மண்சுவரும் புல் கூரையுமாக ஒரு வீடு. வாசலில் கடுக்காய் காயப் போட்டிருந்தது. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மார்பில் வந்த புற்று வெடித்துப் புண்ணாகியிருந்தது. இந்த மாதிரிப் புண் உள்ள வீட்டில் நுழையும்போது மூச்சை எப்படி அடக்குவது என்று எனக்குத் தெரியும். அடக்கிக்கொண்டுதான் நுழைந்தேன். ஆனால் உள்ளே நாற்றமே இல்லை. நாற்றத்தைப் போக்கும் வேறொரு மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். புருஷன் ஒருநாளும் தவறவில்லை. அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணால் பார்த்தது அது. மார்பில் கைப்பிடி அளவு குழி விழுந்த ஒருத்தி, எங்களைப் பார்த்துச் சிரித்து, "குந்துங்கம்மா" என்று சொன்னாள்.

புருஷன் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். மாத்திரையைச் சரியாகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். என்னை உள்சுவருக்குக் கூட்டிப்போனார். சுவர் முழுக்கக் கரிக்கோடுகள். நாளுக்கு ஆறு மாத்திரை, ஆறு கோடு. அடுத்த நாளுக்குப் புது வரி. கொடுத்த உடனே கோடு போட்டுவிடுவாராம், இல்லாவிட்டால் மறந்துபோய் இரண்டாம் முறை கொடுத்துவிடப் பயமாம். நான் எண்ணினேன். பதினாறு நாள், தொண்ணூற்றாறு கோடு. டப்பாவில் முப்பது மாத்திரை. மூன்று வாரத்துக்குக் கொடுத்தது நூற்றிருபத்தாறு. ஒன்றுகூடத் தவறவில்லை. நான் வேலை பார்த்த மருந்தகத்தில்கூட இருப்பு அப்படிச் சரியாக இருந்ததில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் அந்த வரியை எழுதினேன். ஏன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் வேறொருவர் வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால் நான் கவனிக்காமல் விட்டேன் என்று சொல்வார்களே என்ற பயம் ஒரு காரணம். நான் நேர்மையானவள் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளும் ஆசை இன்னொரு காரணம். கவனிப்புக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். பாராட்டி ஒரு பத்தி எழுதினேன். அதன் கீழே, "மார்ஃபின் வழங்கல் பதிவில் தேதிகள் உண்மையானவை அல்ல" என்றும் எழுதினேன். சுவர்க் கோடுகளை எழுதப் படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

பாராட்டை யாரும் படிக்கவில்லை. அந்த ஒரு வரியை எல்லோரும் படித்தார்கள். மலைமேல் மாத்திரையை விற்றுவிட்டிருந்தால் என்ன செய்வது என்று அறக்கட்டளைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். விசாரணை முடியும்வரை கள்ளக்குறிச்சிக்கு மார்ஃபின் அனுப்புவதில்லை என்று முடிவானது. நான் எழுந்து சுவரைப் பற்றியும் தொண்ணூற்றாறு கோடுகளைப் பற்றியும் சொன்னேன். "சுவத்துல கோடா?" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

சிஸ்டருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவரே போன் செய்தார்.

"மேடம், இந்த மாசம் மாத்திர வரலீங்களே?"

சொன்னேன். மறுமுனையில் அரிசி ஆலை ஓடும் ஓசை கேட்டது. 

"நீங்க இருக்கறதத்தான எழுதுனீங்க," என்றார். "இப்ப இருக்கற நோயாளிங்களுக்கு இன்னா பண்றதுன்னு மட்டும் சொல்லுங்க."

 பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்கும், ஆனால் நோயாளியை நேரில் கூட்டிவர வேண்டும் என்று விசாரித்துச் சொன்னேன். ஆறு கட்டிலில் இரண்டு பேரை ஆட்டோவிலும் பஸ்ஸிலும் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். மலையிலிருந்து அந்த அம்மாவைத் தூக்கி வர முடியவில்லை. தொட்டாலே துடித்தாராம்.

ஐந்து வாரம் கழித்து, விடுப்பு எடுத்துக்கொண்டு நானாகப் போனேன். என்னால் வாங்க முடிந்ததை வாங்கிக்கொண்டேன்: பஞ்சு, ஹார்லிக்ஸ், பிஸ்கட், சாதாரண வலி மாத்திரைகள். சிஸ்டரும் வந்தார். இந்த முறை நான் அவருக்கு முன்னால் நடக்கவில்லை. வீடு கண்ணில் பட்டதும், அந்த மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வந்தவர் என் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் பையிலிருந்த எல்லாவற்றையும் தரையில் எடுத்து வைத்திருந்தார். பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்து அதற்குள்ளும் பார்த்திருந்தார்.

"மாத்திர எங்கம்மா?" என்றார். "மாத்திர கொண்டாரலீங்களா?"

சிஸ்டர்தான் பதில் சொன்னார். "இல்லப்பா. இன்னும் வரல."

அந்த அம்மா வீட்டின் நடுக்கம்பத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து மண்டி போட்டிருந்தார். படுக்க முடியவில்லை, சாய முடியவில்லை. நாலு நாளாக அப்படியேதான் என்றார் புருஷன். சிஸ்டர் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை. தன் தேய்ந்த முழங்காலை மடக்கிப் பக்கத்தில் மண்டி போட்டு, அந்த முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். ஆறு ஆறாக வந்த கோடுகள் ஓர் இடத்தில் நாலாகக் குறைந்திருந்தன. பிறகு மூன்று. பிறகு ஒரு நாளைக்கு ஒன்று, அப்படி ஒரு வாரம். இருப்பது தீர்ந்துவிடக் கூடாதே என்று அவர் இழுத்துப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அதற்குக் கீழே வெறும் சுவர்.

நாங்கள் திரும்பிவந்த எட்டாம் நாள் அந்த அம்மா போய்விட்டார் என்று சிஸ்டர் போனில் சொன்னார். கடைசிவரை நினைவு இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சுங்க," என்றார். அதைவிட மோசமான பதிலை நான் கேட்டதில்லை.

விசாரணை முடிய நாலு மாதம் ஆனது. அதற்குள் இல்லத்தில் யாருமில்லை. வலிக்கு மருந்தில்லாத இடத்துக்கு நோயாளியை எதற்குக் கொண்டுவர வேண்டும்? சிஸ்டர் கட்டில்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டு, உளுந்தூர்பேட்டைப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். விசாரணையின் முடிவைச் சொல்லும் கடிதம் பூட்டிய வீட்டின் முகவரிக்கு வந்தது. பாய் அதை வாங்கி வைத்திருந்து, நான் போனபோது கொடுத்தார். எந்த மாத்திரையும் தவறான கைக்குப் போகவில்லை, நோயாளியின் குடும்பத்தார் மீதும் எந்தக் குற்றமும் இல்லை, மருந்து வழங்கலை மீண்டும் தொடரலாம் என்று இருந்தது. கடைவீதியில் நின்றபடியே சிஸ்டருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"சந்தோஷம்ங்க," என்றார். சந்தோஷம் குரலில் இல்லை. "இனிமே என்னால ஆகாது மேடம். முட்டியும் போச்சு, மனசும் வுட்டுப்போச்சு. அந்த மலையாளுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

போனேன். மரத்தில் ஏறிப் புளி உலுக்கிக்கொண்டிருந்தவர் இறங்கிவந்து, எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கடிதத்தை நீட்டியதும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்மா? இன்னா எழுதியிருக்குது?"

"நீங்க மாத்திரைய விக்கல, உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு எழுதியிருக்குதுங்க."

அவருக்குப் புரியவில்லை. 

"வித்தோம்னு யாரும்மா சொன்னது?"

அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. மருந்து தீர்ந்துவிட்டது, எங்கும் கிடைக்கவில்லை, அதனால் தன் மனைவி அப்படிச் செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரோ நிறுத்தினார்கள் என்பதையே என் வாயிலிருந்துதான் முதலில் கேட்டார். எழுத்தில் ஒரு பொய்த் தேதியைப் பொறுக்காத நான், "ஆபீஸ்ல யாரோ" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பை நிறையப் புளி கொடுத்து அனுப்பினார்.

மதிப்பெண் போடும் வேலையை அந்த வருஷமே விட்டேன். சிஸ்டர் இப்போது இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகராகிவிட்டது. கோர்ட்டும் ஆபீசுகளும் வந்திருக்கின்றன. அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த வீட்டை இடித்துக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். மலைக்கு நல்ல ரோடு இருக்கிறது, போக வேண்டும் என்றால் இன்றே போய்விட்டு வந்துவிடலாம். நான் போகவில்லை. யார் சொன்னது என்று அவர் கேட்டதற்கு, நான்தான் என்று இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதுகிறேன், அவர் படிக்கமாட்டார் என்று தெரிந்தே.