போதமலையில் வழி தவறிய உப்புக்காரி

ராசிபுரத்துப் பக்கம் போதமலை அடிவாரத்து ஊர்க்காரி சென்னியம்மாள். வாரம் ஒருமுறை ஓலைப்பெட்டியில் உப்பைச் சுமந்து மலையேறுவாள். மேலே அதைக் கொடுத்துச் சாமையும் புளியும் வாங்கி வருவாள். பதினைந்து வருசமாக நடந்த தடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருசக் கார்த்திகையில் அந்தத் தடமே அவளை ஏமாற்றிவிட்டது.

அன்று துணைக்கு யாரும் வரவில்லை. பாதி மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. காலின் பழக்கத்தை நம்பி நடந்தாள். பனி விலகியபோது தடத்தைக் காணோம். சுற்றிலும் மூங்கில் புதர்தான்.

கத்திப் பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். தண்ணீர் எப்படியும் கீழேதானே போகும் என்று ஓர் ஓடையைப் பிடித்து இறங்கினாள். அதுவோ ஒரு பாறை விளிம்பிலிருந்து இரண்டு பனை ஆழத்துக்கு விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது.

காட்டுநெல்லி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. உப்பைத் தொட்டுத் தின்றாள். ஓடைத் தண்ணீர் அதற்குமேல் இனித்தது. இரண்டு நாளும் அதுதான் சோறு. கரடி உறுமினால் உப்பளக்கும் இரும்புப் படியைப் பாறையில் தட்டினாள். பாறை இடுக்கில் சருகைக் குவித்து முடங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் வெயில் முதுகில் சுடும்வரை தூங்கினாள். எழுப்ப மாமியார் இல்லை, கறக்க எருமை இல்லை. அத்தனை பயத்துக்கு நடுவிலும் அது சுகமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மேலே எங்கோ மாட்டுமணி கேட்டது. சத்தத்தை விடாமல் ஏறிப்போனாள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த மலைக்காரர் சென்றாயன் திகைத்து நின்றார்.

"ஆருது?"

"நாந்தாங்க, உப்புக்காரி. மொதல்ல கொஞ்சம் கூழு குடுங்க, அப்பறம் பேசலாம்."

வயிறு நிறைந்ததும், மிச்சமிருந்த உப்பை அவரிடமே கொடுத்துவிட்டாள். அவர் அடிவாரம்வரை கொண்டுவந்து விட்டார்.

வீட்டு வாசலில் சனம் கூடியிருந்தது. சென்னியம்மாள் பெட்டியைக் கீழே போட்டாள். "அய்யோ சாமி, ஆரு போயிட்டாங்க?"

ஒப்பாரி வைத்த பெண்கள் அவளைப் பார்த்துப் பதறி எழுந்தார்கள். அவள் கணவர் வேலுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"நீதான் புள்ளே!" என்று அவள் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

அடுத்த வாரம் அவள் பெட்டியை எடுத்தபோது, "இனி மலைக்கெல்லாம் போகாதே" என்றார்.

"ஏனுங்க, பயமா இருந்தா நீங்களும் வாங்க."

வேலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறகு பல வருசம் இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். அவருக்குத்தான் பாதி மலையிலேயே மூச்சு வாங்கும். அவள் நின்று நின்று கூட்டிப்போவாள்.