லூர்துவின் செருப்புக் காவல்

தரங்கம்பாடியைப் பற்றிப் பேசுவதற்குத் தென்னூர் லூர்துவை விட்டால் ஆள் கிடையாது. மாதம் ஒருமுறை வேன் பிடித்துத் திருச்சிக்காரர்களை அங்கே அழைத்துப் போவதுதான் அவர் தொழில். டேனிஷ் கோட்டையில் பீரங்கியைத் தட்டிக்கொடுப்பார். கடல் பாதி தின்ற மாசிலாமணிநாதர் கோயில் முன்னால் நின்று, கேட்பவர் கண்கலங்கும்படி பேசுவார். மணலில் கால் வைத்ததும் மனிதருக்கு வாய் அடைத்துவிடும்.

"நீங்க குளிங்க. நான் செருப்பைப் பார்த்துக்கிறேன்" என்று அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

எல்லோரும் இதைப் பொறுப்பு என்றார்கள். சுத்தப் பயம் என்பது மனைவி பெலிண்டாவுக்கு மட்டும் தெரியும். காவிரியில் நாளெல்லாம் ஊறிக் கிடக்கிற ஆள்தான். ஆறு அதுபாட்டுக்குப் போகிறது, கடல்தான் நம்மைப் பார்த்து வருகிறது என்பது அவர் கட்சி.

இந்த முறை பெலிண்டாவும் வேனில் ஏறினார். கல்யாண வெள்ளிவிழாவுக்கு அவர் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. இருவரும் கடலில் நின்று ஒரே ஒரு போட்டோ. லூர்துவும் வீராப்பாகத் தலையாட்டி வைத்திருந்தார்.

கடற்கரையில் வீராப்பு இறங்கிவிட்டது.

"முதல்ல செருப்பெல்லாம் ஒழுங்கு பண்ணிடறேன்" என்றார்.

"பண்ணுங்க. செருப்போடவே போட்டோ எடுத்துக்குங்க" என்று பெலிண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லூர்துவுக்கு மனசு கேட்கவில்லை. கடலில் இறங்காவிட்டாலும் கிட்டேயாவது போவோம் என்று, அத்தனை செருப்பையும் தண்ணீர் ஓரத்துக்கே கொண்டுபோனார். அம்மா மண்டபம் படித்துறையில் விடுவதுபோல ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டு, வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்தார். காவிரிக்காரர்களுக்குத் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஸ்ரீரங்கத்துச் சுபலட்சுமி அம்மாள் சோப்பும் சொம்பும் கொண்டுவந்து, நுரையே வரவில்லை என்று கடலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள்தான் சாவகாசமாகச் சொன்னார்: "லூர்து சார், செருப்பெல்லாம் போகுது."

லூர்து பாய்ந்தார். முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. "எல்லாம் பார்ட்டியோட செருப்பு, குடு இங்க" என்று கடலை அதட்டி, அகப்பட்டதையெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெலிண்டா போனைச் சுபலட்சுமி கையில் திணித்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் லூர்துவின் சட்டையைப் பிடித்தார்.

அடுத்த அலை மார்பில் அறைந்தது. அப்போதுதான் லூர்துவுக்கு நிலைமை உறைத்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"பெலிண்டா, நான் எங்க நிக்கிறேன்?"

"என் பக்கத்துலதான்."

லூர்து கண்ணைத் திறக்காமலே செருப்பு அத்தனையையும் கடலில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டார்.

வேன் முழுக்க வெறுங்காலோடு திரும்பியது. தஞ்சாவூர் தாண்டும்வரை அவரைத் திட்டித் தீர்த்தார்கள். லூர்து காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. பெலிண்டா கையிலிருந்த போனில் அந்தப் போட்டோவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.