அப்பா சிவப்பு மையில் எழுதச் சொன்ன இடங்கள்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வீடு தேடி வந்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று அம்மா சொன்னார். முயன்று பார்த்தேன், என்னால் முடியவில்லை.

அப்பா கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சுனாமியில் முதல் படகு போனது. பல ஆண்டுகள் பிறர் படகில் உழைத்து, பிறகு சொந்தமாக ஒரு விசைப்படகு எடுத்தார். என்னைச் சிதம்பரத்தில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார். கோபம் வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். கிழிந்த வலையை எடுத்துவைத்துப் பொத்தித் தைக்க உட்கார்ந்துவிடுவார். அந்தக் குணம் எனக்கு வரவில்லை.

ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியதும் ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் அறுபது சொச்சம் இடங்கள் பதிவாகியிருக்கும். எட்டிப் பார்ப்பவர்களுக்குப் புரியக்கூடாதென்று பெயர் வைக்காமல் எல்லாவற்றுக்கும் வெறும் எண்தான் போட்டிருப்பார். விவரம் நோட்டில் இருக்கும். மீன் படும் இடம் பச்சை மை. மூழ்கிய படகோ பாறையோ கிடந்து வலை மாட்டும் இடம் சிவப்பு மை. எழுதுவது நான்.

"பாப்பா, பதினேழுல ஒண்ணும் படல, அடிச்சுடு. நாப்பத்திரெண்டுல புயலுக்கு அப்புறம் என்னாவோ கெடக்குது, செவப்புல போடு" என்பார். சிவப்பு இடங்களை மட்டும் துறைமுகத்தில் யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

சென்ற தடைக்காலத்தில் சிதம்பரத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் "நோட்டு எடுத்தாந்தியா?" என்றுதான் கேட்டார். கட்டிலருகே அமர்ந்து அந்த ஆண்டுத் திருத்தங்களை எழுதி முடித்தேன். நான்காம் நாள் அப்பா போய்விட்டார்.

பாலூற்றிவிட்டு வந்த ஈரத்துணி காயவில்லை. அம்மாவின் தம்பியும் இன்னொரு விசைப்படகின் சொந்தக்காரருமான எங்கள் மாமா, கருவி இருந்த பீரோ அருகே வந்து நின்றார். "செட்டு சிக்னல் சரியில்லன்னு மச்சான் சொல்லிக்கிட்டிருந்தாரு. குடுக்கா, பாத்துத் தரேன்." அம்மா அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தார். கருமாதியன்று கருவி திரும்பி வந்தது.

தடை நீங்கிய முதல் வாரம் மாமா வாசலில் நின்று கத்தினார். "என்னாக்கா, மச்சான் பாயிண்ட்ட தப்புத்தப்பா போட்டு வச்சிருக்காரு! வலை மொத்தமா மாட்டிப் படகே சாஞ்சுபோச்சு. உசுரோட வந்ததே ஜாஸ்தி!"

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. அப்பாவின் படகை அடுத்து எடுக்கவிருந்த என் தம்பி கருவியைப் போட்டுப் பார்த்தான். உள்ளே ஒரு இடம்கூட இல்லை. எல்லாவற்றையும் தன் கருவியில் ஏற்றிக்கொண்டு, எங்களுடையதைத் துடைத்து அனுப்பியிருக்கிறார்.

சீ! திருடியதுகூடப் போகட்டும். அக்கா மகன் முதன்முறையாகத் தனியே படகெடுக்கப் போகிறான் என்று தெரிந்தும் ஆபத்தான இடங்களையும் சேர்த்து அழித்தாரே, அது என்ன மனசு? அந்தக் கைதான் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டது.

நோட்டைப் பார்த்து அத்தனையையும் மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். தம்பி நல்லபடியாகப் போய்வருகிறான். மாமா மட்டும் எது மீன், எது பாறை என்று தெரியாமலே ஓட்டுகிறார். கேட்க முகமில்லை.

"மாட்டட்டுமே, நமக்கென்னா?" என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. பல நாள் யோசித்தேன்.

சிவப்பு இடங்கள் அனைத்தையும் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். படகுள்ளவர்கள் கிழித்து எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் உடனிருந்த பக்கத்து வீட்டு அண்ணிக்கும், வடலூரிலிருந்து வந்து பதினாறு நாளும் சமைத்துப் போட்ட சித்திக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த படகுத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமாவுக்கு ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் படகில் இன்னும் ஐந்து பேர் போகிறார்கள்.