இழுப்பறையில் மூன்று உறைகள்

ஷரோண்டா பெட்டிஸுக்குத் தன் தோழி நெட்ராவின் மேல் சந்தேகம் வந்த நாள் 2009 மார்ச் 28, சனிக்கிழமை. அதற்குக் காரணம் ஒரு காகித உறை.

ஷரோண்டாவுக்கு அப்போது வயது இருபத்தாறு. மிசிசிப்பியில் கிரீன்வில் ஊரில் பிறந்தவள். பதினெட்டு வயதிலிருந்து கெளுத்தி மீன் ஆலையில் வேலை. ஐஸ் தண்ணீரில் நனைந்த கையுறையோடு நிமிடத்துக்குப் பன்னிரண்டு மீன் அறுப்பாள். நெட்ரா ஒன்பது மைல் தள்ளி லேலண்டில் இருந்தாள். ஏழாம் வகுப்பில் பள்ளிப் பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்த நாள் முதல் இருவருக்கும் சிநேகம். நெட்ரா தன் வீட்டுச் சமையலறையில் பெண்களுக்குத் தலை பின்னிப் பிழைத்தாள். ஆறு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஷரோண்டா அங்கே போய், பழைய பின்னலை அவிழ்த்து, சிக்கெடுத்து, புதிதாகப் பின்னிக்கொண்டு வருவாள். ஆறு மணி நேர வேலை. அந்த ஆறு மணி நேரமும் பேச்சுதான்.

சீப்பில் வரும் முடியை அந்தப் பக்கத்தில் யாரும் கண்ட இடத்தில் போடுவதில்லை. பறவை அதை எடுத்துக் கூடு கட்டினால் தலைவலி தீராது. ஆகாதவர்கள் கையில் சிக்கினால் அதைவிடக் கேடு. அதனால் நெட்ரா ஒவ்வொரு முறையும் முடியை உருட்டி, பழைய சாம்பல் கிண்ணத்தில் வைத்து, ஷரோண்டாவின் கண் முன்னாலேயே கொளுத்துவாள். பத்து வருடமாக அப்படித்தான்.

மார்ச் 28 அன்று அவள் கொளுத்தவில்லை. ஷரோண்டா கைக்கண்ணாடியைத் தூக்கிப் பின்னலைப் பார்த்தபோது, பின்னால் நெட்ரா முடியுருண்டையை ஓர் உறையில் போட்டு, மேலே ஏதோ எழுதி, கரண்டிகள் இருக்கும் இழுப்பறைக்குள் தள்ளுவது தெரிந்தது.

"என்னடி அது?"

"எது? ஒண்ணுமில்ல. தலையை ஆட்டாதே."

ஒன்றுமில்லாததற்கு எதற்கு உறை? திரும்பும்போது ஷரோண்டா ஒன்பது மைலும் அதே நினைப்போடு காரோட்டினாள்.

திங்கட்கிழமை ஆலையில் ஒன்றுவிட்ட அக்கா பெர்லீனிடம் சொன்னாள். அறுப்பு வரிசையில் பக்கத்து இடம் பெர்லீனுடையது. மூன்று கல்யாணம் செய்து மூன்றிலிருந்தும் வெளியே வந்தவள். ஆகவே ஆண்களைப் பற்றியும் தோழிகளைப் பற்றியும் புத்தி சொல்லத் தனக்கே உரிமை என்று நினைப்பவள்.

"உன் தலைமுடியையா எடுத்து வச்சா? பேர் எழுதியா?"

"என்ன எழுதினான்னு தெரியல."

"பேபி, கல்யாணமாகாத சிநேகிதியை வாசலோட நிறுத்தணும். அடுப்படி வரைக்கும் விட்டா அடுத்தது படுக்கையறைதான். டெமெட்ரிக்கைப் பத்தி அவகிட்டப் பெருமை பேசினியா?"

"கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சம் போதும், மோப்பம் பிடிக்க."

டெமெட்ரிக், ஷரோண்டாவோடு ஒரே வீட்டில் இருந்தவன். ஆற்றில் சரக்குப் படகுகளில் வேலை. இருபத்தெட்டு நாள் தண்ணீரில், பதினான்கு நாள் வீட்டில். அக்டோபரில் கல்யாணம் என்று பேச்சு.

அதற்குப் பிறகு ஷரோண்டாவின் கண்ணில் பட்டதெல்லாம் அந்த உறையோடு போய் ஒட்டிக்கொண்டது. காலையில் விரல்கள் மடங்கவில்லை. அது ஆலைக் குளிரால் என்று சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்து நிற்க முடியவில்லை. அது கூடுதல் வேலை நேரத்தால். கன்னங்கள் சிவந்து எரிந்தன. அதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. "முடியை வச்சு யாரோ சூனிய வேலை பண்ணுறாங்க" என்று பெர்லீன் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்.

ஏப்ரல் 16, வியாழக்கிழமை. லேலண்டில் மளிகை வாங்கப் போன ஷரோண்டா, நெட்ராவின் வீட்டு வாசலில் டெமெட்ரிக்கின் பச்சை வண்டி நிற்பதைப் பார்த்தாள். மணி மூன்று பத்து. தெருமுனையில் காரை நிறுத்திக் காத்திருந்தாள். மூன்று முப்பத்தைந்துக்கு அவன் வெளியே வந்தான். நெட்ரா கதவருகே நின்று அவன் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள், "மத்தியானம் எங்க போயிருந்த?"

"டயர் கடைக்கு."

ஷரோண்டா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். சண்டை போட்டால் இரண்டு பேரும் உஷாராகிவிடுவார்கள். முதலில் உறை கையில் கிடைக்கட்டும். பதினான்கு வருடச் சிநேகத்தை வெட்டுவதென்றால் கண்ணால் பார்த்துவிட்டு வெட்ட வேண்டும்.

மே 9, சனிக்கிழமை, வழக்கம்போல் போனாள். நெட்ராவும் வழக்கம்போல் பேசினாள். ஆனால் சிக்கெடுக்கும்போது அவள் விரல் உச்சந்தலையில் ஓரிடத்தில் நின்று நின்று போவதை ஷரோண்டா கவனித்தாள். பாதி வேலையில் யாரோ வாசல்மணி அடிக்க, நெட்ரா எழுந்து போனாள். ஷரோண்டா இழுப்பறையைத் திறந்தாள்.

உறைகள் மூன்று. பிப்ரவரி 14. மார்ச் 28. மே 9. தேதிக்குக் கீழே நெட்ராவின் கையெழுத்தில், 'உச்சி, பத்து சென்ட் காசளவு'. அடுத்ததில் 'கால் டாலர் காசளவு'. மூன்றாவதில் 'இரண்டு இடம்'. மூன்றிலும் முடி. பிப்ரவரி உறையில் ஒரு சிட்டிகை. மே உறை உப்பியிருந்தது.

"கையை எடு" என்றாள் நெட்ரா, வாசலிலிருந்து.

"எனக்கு என்ன வச்சிருக்க? சொல்லுடி. சூனியப் பொம்மையா, கல்லறை மண்ணா?"

"உனக்குப் பைத்தியமா?"

"டெமெட்ரிக் இங்க வந்தானா இல்லையா?"

நெட்ரா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "என் சித்திக்கு முதல்ல முடிதான் போச்சு. வேரோட. அப்புறம் மூட்டு. அப்புறம் சிறுநீரகம். செத்தப்ப வயசு முப்பத்தொண்ணு. உன் தலையில அதே மாதிரி பார்த்தேன். நிச்சயம் தெரியாம உன்னைப் பயமுறுத்தக் கூடாதுன்னு எடுத்து வச்சேன். தலையணையில முடி கிடக்குதான்னு கேக்கத்தான் அவனைக் கூப்பிட்டேன். வேற யாருக்குத் தெரியும் அது?"

ஷரோண்டாவின் கை தானாக உச்சிக்குப் போனது. அந்த இடம் வழவழவென்று இருந்தது.

"என் தலை. எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியுது. இத்தனை நாள் ரெண்டு பேரும் சேர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சிருக்கீங்க."

"நான் சூனியக்காரின்னு நீ நினைச்சதைவிட அது மோசமா? பெர்லீன் சொன்னாளா? மூணு வீட்டை எரிச்சவகிட்டப் போயா நெருப்பு கேட்ட?"

பின்னாத பாதித் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு ஷரோண்டா வெளியேறினாள். வீட்டுக்குப் போய், படகில் இருந்த டெமெட்ரிக்கைத் தொலைபேசியில் கேட்டாள். "அவ கேட்டா, நான் சொன்னேன். சொல்லாதேன்னா, சொல்லல" என்றான் அவன். பத்து நாள் நெட்ராவும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. அவள் சொன்னது முழுதும் உண்மைதானா என்ற கேள்வி இவளுக்குள் அப்போதும் அடங்கவில்லை. சித்தி கதை இதற்கு முன் ஒரு தடவைகூடக் காதில் விழுந்ததில்லையே!

மே 19, செவ்வாய்க்கிழமை, தனியாக மருத்துவமனைக்குப் போனாள். டெமெட்ரிக் ஆற்றில் இருந்தான். டாக்டர் அம்மா விரல்களை அமுக்கிப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், ஆறு குழாய் ரத்தம் எடுக்கச் சொன்னார். "லூபஸா இருக்கலாம். உடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சு அடிக்கிற வியாதி. நம்ம கறுப்பினப் பொண்ணுங்களுக்குத்தான் அதிகம் வருது. ரெண்டு வாரத்துல முடிவு தெரியும். முடி எப்போ கொட்ட ஆரம்பிச்சது?"

ஷரோண்டாவுக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்திதான்.

முதல் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதற்கு நெட்ரா எடுத்தாள்.

"டாக்டர் தேதி கேக்குறாங்க."

இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. நெட்ரா மூன்று தேதியும் மூன்று அளவும் வாசித்தாள். ஷரோண்டா திருப்பிச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"கூட யார் இருக்கா?"

"யாருமில்ல."

"பெர்லீன்?"

"ஷிஃப்ட்."

"மிஸ் ஆலி தலை பாதியில இருக்கு. அங்கயே இரு" என்று சொல்லி நெட்ரா போனை வைத்துவிட்டாள்.

அங்கேயே இரு என்றால் வருகிறேன் என்று அர்த்தமா, கழற்றிவிட்டாளா? ஷரோண்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பத்து நாற்பது. பாதித் தலை முடிய மூன்று மணி நேரம் ஆகும். கோபத்தில் இருக்கிறவள் நான்கு ஆக்குவாள். பதினொன்று ஐந்துக்கு எழுந்து பையை எடுத்தாள்.

கதவு திறந்தது. முதலில் வந்தவர் மிஸ் ஆலி. வயது அறுபத்தெட்டு. இடது பக்கம் வரிசையாகப் பின்னல், வலது பக்கம் முடி குடைபோல் விரிந்து நின்றது. பின்னால் நெட்ரா, கையில் சீப்பும் எண்ணெய் டப்பாவும்.

"என்னை இந்தக் கோலத்துல ஊர் பார்க்கக் கொண்டாந்துட்டா இவ" என்றார் மிஸ் ஆலி. "ஏழு மணிக்குத் தேவாலயத்துல பாட்டுக் குழு. சண்டை போடுறதுன்னா சீக்கிரம் போட்டு முடிங்க."

நெட்ரா அவரை உட்கார வைத்துப் பின்னால் நின்று விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். ஷரோண்டாவைப் பார்க்கவில்லை.

"என் இழுப்பறையை இனிமே தொடாதே."

"என் உடம்பைப் பத்தி முதல்ல என்கிட்டச் சொல்லு. கெட்டதா இருந்தாலும்."

"சரி."

"உன் சித்தி பேரு என்ன?"

நெட்ராவின் விரல்கள் நின்றன. "இன்னும் நம்பலையா நீ?"

"கேக்குறேன், அவ்வளவுதான்."

"கொரைன்" என்றாள் நெட்ரா. "வீட்டுல யாரும் அவ பேரை எடுக்கிறதில்ல. அம்மா அழுவாங்க."

மிஸ் ஆலி திரும்பாமலே சொன்னார், "கொரைனா? அவ அடக்கத்துக்கு நான்தான் பாடினேன். தொண்ணூத்து மூணு, ஆகஸ்ட். என்ன வெயில்!"

ஷரோண்டா பையைக் கீழே வைத்துவிட்டு நெட்ராவின் பக்கத்தில் போய் நின்றாள். எண்ணெய் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.